பொம்பர் புறப்பட்ட இடம்

நான் ஒரு கடைக்காரன். கிழக்கு இங்கிலாந்தில், நோர்ஃபோக்கும் சஃபோக்கும் தொடுகிற எல்லையில், டிஸ் பட்டினத்துக்குப் பக்கத்தில் பால், பாண், பத்திரிகை, லொத்தர்ச் சீட்டு விற்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கல்லாவை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சில மைல் தள்ளியிருக்கிற தோர்ப் அபட்ஸ் வான்தளத்துக்குப் போவேன். வான்தளம் என்ற பெயர்தான் மிச்சம். சுற்றிவர வயல், அங்கங்கே உடைந்த கொங்கிரீட், நடுவில் இரண்டு மாடிக் கட்டுப்பாட்டுக் கோபுரம், அதன் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. அந்தக் கோபுரமும் பக்கத்தில் சில கட்டிடங்களும் சேர்ந்ததுதான் அமெரிக்க 100ஆவது குண்டுவீச்சுப் பிரிவின் நினைவு அருங்காட்சியகம். நடத்துகிறவர்கள் எல்லாம் தொண்டர்கள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் தினமும் காலையில் பத்திரிகை வாங்க வரும் ஒரு ஓய்வுபெற்ற மனிதர். ஒருநாள் நான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு சாமான் கணக்கு எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இப்படிக் கணக்கு வைக்கத் தெரிந்த ஆள் எங்களுக்கு வேண்டும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். சொன்னார். இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "பொம்பருக்கு நூதனசாலையோ? அதுக்குப் போய் நீங்கள் தும்புத்தடி பிடிக்கப் போறியளோ?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் இருவரும் யாழ்ப்பாணம். 1990இல் எனக்குப் பதினொரு வயது. வளவுக்குள் வேப்பமரத்தடியில் அப்பா குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூடை போட்டிருந்தார். சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று சொல்லிவிடுவோம். சகடை என்று நாங்கள் சொல்லும் மெதுவான விமானம் என்றால் மேலே மெல்ல வட்டமடிக்கும், பங்கருக்குள் போக நேரம் இருக்கும். பொம்பர் என்றால் பதிந்து வரும், நேரம் இருக்காது. பிறகு தோர்ப் அபட்ஸில் இருந்த புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஒன்று தெரிந்தது: எங்கள் பலாலி விமானத்தளமே இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை கட்டியது. திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து 1944 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்க பி-29 விமானங்கள் புறப்பட்டு, கடல் தாண்டிச் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கியிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, போய்ப் பார்ப்போம் என்று போனேன். போனவன் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தளத்தைப் பிரிட்டிஷ்காரர் தங்கள் விமானப்படைக்கென்று கட்டத் தொடங்கி, பிறகு அமெரிக்காவின் எட்டாவது வான்படையிடம் கொடுத்துவிட்டார்கள். 1943 ஜூனில் பி-17 குண்டுவீச்சு விமானங்களோடு 100ஆவது பிரிவு வந்து இறங்கியது. வாலில் சதுரத்துக்குள் ஆங்கில 'டி' எழுத்து. ஒரு விமானத்தில் பத்துப் பேர், பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பொடியன்கள். 1943 ஜூன் 25இல் முதல் தாக்குதல், 1945 ஏப்ரல் 20இல் கடைசி, இடையில் 306 தடவை. 1943 ஒக்டோபர் 10 அன்று ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரத்துக்கு இந்தப் பிரிவு அனுப்பிய 13 விமானங்களில் 12 திரும்பவில்லை. றொபர்ட் றோசன்தால் என்ற புரூக்ளின் வழக்கறிஞர் ஓட்டிய 'றோயல் ஃபிளஷ்' மட்டும், நான்கு எஞ்சின்களில் இரண்டு போன நிலையில் வந்து இறங்கியது. 'இரத்தம் தோய்ந்த நூறாவது' என்ற பெயர் சும்மா வரவில்லை.

போர் முடிந்து அவர்கள் போனார்கள், தளம் காய்ந்தது. இந்தப் பக்கத்துத் தளங்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே கதி. ஓடுபாதையைக் கிளறி எடுத்து வீதிக்குப் போட்டார்கள், அல்லது அப்படியே விட்டு உழுதார்கள். ஏட்டில்பிரிட்ஜ் ஓடுபாதையில் வான்கோழிக் கொட்டகைகள் நிற்கின்றன. தோர்ப் அபட்ஸ் கோபுரம் கண்ணாடி உடைந்து, பற்றை மூடிக் கிடந்தது. 1977இல் உள்ளூர் ஆட்கள் சிலர் சேர்ந்து துப்புரவாக்கத் தொடங்கி, 1981 மே 25இல் திறந்துவைத்தார்கள். போர்க்காலத்தில் இங்கே சிறுவர்களாக இருந்தவர்கள் அமெரிக்கப் படையாட்களின் பின்னால் சுவிங்கம் கேட்டு ஓடியவர்கள். கோபுரம் விழுந்துகொண்டிருப்பதைப் பார்த்தபோது அவர்களுக்கு மனம் கேட்கவில்லை போல.

எனக்குக் கொடுத்த முதல் வேலை தும்புத்தடியேதான், மனைவி சொன்னது பலித்தது. அப்புறம் பதிவேடு.

இந்த மாதிரி இடத்தில் தொண்டு செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பதிவேட்டைப் பற்றித்தான். கடையில் ஒரு பெட்டி பிஸ்கட் வந்தால் எங்கிருந்து, எப்போது, எத்தனை என்று எழுதுகிறோம். ஒரு விமானியின் தொப்பி வந்தால் நெஞ்சு உருகி, கையைப் பிடித்து நன்றி சொல்லி, ஒன்றும் எழுதாமல் மேசையில் வைத்துவிடுவோம். இது மனித சுபாவம். பத்து வருடம் கழித்து, தந்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை என்ற நிலையில் அது வெறும் பழைய தொப்பி. ஆகவே கையில் வாங்க முன்னரே தாள். தருகிறவர் யார், யாருடைய பொருள், அவருக்கு எப்படிக் கிடைத்தது, அன்பளிப்பா இரவலா. அன்பளிப்பு என்றால் ஒப்பம் வேண்டும். இரவல் என்றால் திருப்பிக் கொடுக்கும் திகதி வேண்டும். "நிரந்தர இரவல்" என்று யாராவது சொன்னால் பேனையைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து ஆறுதலாகக் கதையுங்கள். அப்படி ஒன்று கிடையாது. தந்தவர் போன பிறகு பேரன் வந்து கேட்பான், அவனுடைய மச்சாள் வந்து வேறு விதமாகக் கேட்பாள். சீதனக் காணி வழக்குப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது விளங்க ஐந்து நிமிடம் கூட எடுக்கவில்லை.

இனி நான் செய்த நாசம் ஒன்று.

சேர்ந்து கொஞ்சக் காலத்தில், ஒரு மூதாட்டி தன் தாய் வைத்திருந்த நடன அழைப்பு அட்டை ஒன்றைத் தந்தார். தளத்தில் சனிக்கிழமை இரவு நடனம், லொறி வந்து ஊர்ப் பெண்களை ஏற்றிப் போகும். அட்டை மெல்லியது, மூலை மடிந்திருந்தது. ஊரில் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை என்ன செய்வோம்? கறையான், மழை, இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் தப்ப லமினேட் பண்ணுவோம். எங்கள் வீட்டில் எல்லோருடைய பத்திரமும் அப்படித்தான் தப்பியது. கடையில் லமினேட் மெஷின் இருந்தது. நான் அட்டையைப் பளபளவென்று ஆக்கி, பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன்.

யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மெதுவாக விளக்கினார். சூட்டில் உருகிய பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும். திரும்ப எடுக்க முடியாது. உள்ளே இருக்கிற அமிலமும் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் தாள் உள்ளேயே பழுப்பாகும். பழந்தாளுக்குச் செய்யும் எதுவும் திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஒட்டுநாடா வேண்டாம், பசை வேண்டாம், துருப்பிடிக்கும் கிளிப் வேண்டாம். அமிலமில்லாத உறை போதும். படத்தின் பின்னால் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல். காட்சிக்கு நகல் வையுங்கள், மூலத்தை இருட்டில் வையுங்கள். அந்த அட்டை இப்போதும் இருக்கிறது. புதிதாக வருகிற தொண்டர்களுக்கு எதைச் செய்யக்கூடாது என்று காட்ட நானே அதை எடுத்து நீட்டுவேன்.

மற்றப் பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்க்காலக் கட்டிடங்கள் நூறு வருடம் நிற்கக் கட்டியவை அல்ல. மெல்லிய சுவர், இரும்புச் சட்ட யன்னல், தட்டைக் கூரை. மாரியில் ஈரம் சுவரால் வடியும். ஹீட்டரைத் திடீரென்று போட்டுக் காயவைக்க நினைத்தால் இன்னும் மோசம், சூடும் குளிரும் மாறி மாறி வரும்போதுதான் தாளும் தோலும் சுருங்கி விரியும். மிதமாக, ஒரே அளவில் வைத்திருப்பதுதான் வழி. கம்பளிச் சீருடைக்கு அந்துப்பூச்சி பெரிய எதிரி. பொலித்தீன் உறையில் காற்று வெளியேற்றிக் கட்டி, வீட்டு ஃபிரீசரில் -18 பாகையில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். வெளியே எடுத்தவுடன் உறையைத் திறக்கக்கூடாது, அறைச் சூட்டுக்கு வரும் வரை அப்படியே விட வேண்டும். இல்லாவிட்டால் துணியில் நீர் கோத்துக்கொள்ளும். என் வீட்டு ஃபிரீசரில் ஒருமுறை அறக்குளாவுக்குப் பக்கத்தில் ஒரு அமெரிக்கச் சார்ஜன்டின் மேற்சட்டை படுத்திருந்தது. மனைவி இரண்டு வாரமும் மீன் சமைக்கவில்லை.

விமானத்தின் மணிக்கூடு, உயரமானி போன்றவற்றில் எழுத்துகள் இருட்டில் தெரிவதற்கு ரேடியம் கலந்த பூச்சுப் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிராது, அதனால் ஒன்றும் இல்லை என்று நினைத்து நான் ஒன்றைத் துணியால் துடைக்கப் போனேன். ஒளிராமல் போனது கூடக் கலந்த மற்றப் பொருள் பழுதானதால்தான். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் வேண்டும். கண்ணாடி வெடித்த கருவி என்றால் தொடாமல், திறக்காமல், தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

தெரியாத இரும்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் ஒருவர் களஞ்சியத்தில் கிடந்ததென்று பிஸ்கட் தகரத்துக்குள் எதையோ கொண்டு வந்து மேசையில் வைத்தார். துருப்பிடித்த உருளை, ஒரு பக்கம் கூம்பு. சுற்றி நின்றவர்கள் ஆர்வமாகக் குனிந்தார்கள். நான் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். பொலிசுக்கு அடித்தோம், படையாட்கள் வந்து எடுத்துப் போனார்கள். வெறும் கோதுதான் என்று பிறகு தெரிந்தது. பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் தோட்டம் கொத்தும்போது கிடைத்ததை வெறும் கோது என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வருகிறவர்களோடு கதைப்பது இதைவிடக் கடினமான வேலை. அமெரிக்காவிலிருந்து பேரப்பிள்ளைகள் வருவார்கள். "தாத்தா விமானி, 25 தடவை பறந்தவர்" என்பார்கள். தொடக்கத்தில் 25 பறப்பு முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் விதி. பிறகு 30, 35 என்று கூட்டினார்கள். நான் பட்டியலைப் பார்ப்பேன். அப்படி ஒரு தடவை பார்த்தபோது தாத்தா சமையல்காரர். சட்டென்று சொல்லிவிட்டேன். அந்த மனிதரின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது அப்படிச் செய்வதில்லை. தாளைக் காட்டுவேன், அவர்களே வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் சமையலறையைப் பற்றிச் சொல்வேன். பறக்கிற நாளில் விடிய இரண்டு மூன்று மணிக்கு ஆட்களை எழுப்புவார்கள். பிரிட்டனில் முட்டைத் தூள் சாப்பிட்ட காலம் அது. பறக்கப் போகிறவர்களுக்கு மட்டும் உண்மையான முட்டை பொரித்துக் கொடுப்பார்கள். அதைப் பொரிக்க அவர்களுக்கும் முன்னால் யாரோ எழும்பியிருக்க வேண்டும். தட்டை நீட்டியவர்களில் யார் இரவுச் சாப்பாட்டுக்கு வருவார் என்று அந்தச் சமையல்காரருக்கும் தெரியாது. இந்தத் தளத்தில் மூவாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். பெரும்பாலானோர் பறக்கவேயில்லை. எஞ்சின் திருத்தினார்கள், குண்டு ஏற்றினார்கள், பரசூட் மடித்தார்கள், கோப்பை கழுவினார்கள்.

குடும்பக் கதை தேடி வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், படைச் சேவை எண்ணைத் தேடுங்கள். 1973 ஜூலை 12இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் அமெரிக்கத் தரைப்படையின் பழைய ஆட்கோப்புகளில் பெரும்பங்கு எரிந்தது. போர்க்கால வான்படை தரைப்படையின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது, ஆகவே இவர்களுடைய கோப்புகளும் அதில் போயின. கோப்பு இல்லை என்று பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். விமானம் திரும்பாத ஒவ்வொரு தடவையும் காணாமற்போன விமானக்குழு அறிக்கை என்று ஒன்று எழுதினார்கள், அது தனியாக இருக்கிறது. விமானத்தின் தொடர் எண் தெரிந்தால் அதைப் பிடிக்கலாம். உடல் கிடைக்காதவர்கள் என்றால் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மடிங்லி அமெரிக்க மயானச் சுவரைப் பாருங்கள். அதில் 5,127 பெயர்கள். நான் ஒருமுறை போய், சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாசிக்காமல் நடந்தேன். அதற்கே நேரம் எடுத்தது.

இனிச் சிக்கலான விஷயம். சேர்ந்த புதிதில், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும்போது முன்ஸ்டர் கதையை எல்லோரையும் போலத்தான் சொல்வேன். 13 போனது, ஒன்று வந்தது. கேட்பவர்கள் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். நல்ல கதை. ஆனால் சொல்லி முடித்த பிறகு எனக்குள் ஏதோ இடறும். கிடைத்ததை வாசிக்கத் தொடங்கினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. குறி ஒரு தொழிற்சாலை இல்லை, நகரத்தின் நடுப்பகுதி. முன்னிரவுத் தாக்குதல்கூட இல்லை, பட்டப்பகல், பிற்பகல் நேரம். புறப்படும் முன் விளக்கக் கூட்டத்தில் இதைக் கேட்டு முகம் சுளித்த விமானிகளும் இருந்தார்கள்.

நான் என் கதையில் ஒரு வரி சேர்த்தேன்: "அந்த நேரம் கீழே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடித்திருப்பார்கள்." அவ்வளவுதான். நியாயமா அநியாயமா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஹிட்லரை நிறுத்த வேறு வழி இருந்ததா என்று தேத்தண்ணீர் மேசையில் எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறோம், முடிவு வந்ததில்லை. எட்டாவது வான்படையில் மட்டும் 26,000 பேர் செத்தார்கள். அந்தப் பொடியன்களை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது, அவர்கள் போட்டதை நினைத்தாலும் பிசைகிறது. இரண்டும் ஒரே வயிறுதான்.

ஒருநாள் முன்ஸ்டரிலிருந்தே ஒரு தகப்பனும் மகனும் வந்தார்கள். என் வரி தொண்டையில் சிக்கியது. தகப்பன் படங்களுக்கு முன்னால் கைகட்டி நின்றார். மகனுக்கு எட்டு வயது இருக்கும், அவனுக்கு ஒரே கேள்விதான்: விமானத்துக்குள் ஒன்றுக்குப் போவது எப்படி? குழாய் ஒன்று இருந்தது, 25,000 அடியில் -40 பாகைக் குளிரில் அது உறைந்து போகும் என்று சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். தகப்பனும் சிரித்தார். போகும்போது பெட்டியில் காசு போட்டுவிட்டு, "என் அம்மம்மா அப்போது சின்னப் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். நான் என் ஊரைச் சொன்னேன். அவருக்கு அது எங்கே என்று தெரியவில்லை. பங்கர் என்ற சொல் தெரிந்திருந்தது. அது அவர்களுக்கும் புழக்கத்தில் இருக்கிற சொல்தானே.

ஒரு தடவை 'சாலி பி' தலைக்கு மேலே பறந்து போனது. பிரிட்டனில் பறக்கும் நிலையில் வைத்திருந்த ஒரே பி-17 அது. நான்கு எஞ்சின் சத்தம் வயலுக்கு அப்பால் கேட்கத் தொடங்கியதும் எல்லோரும் அண்ணாந்தார்கள். கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நான் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. வடிகான் எங்கே இருக்கிறது என்று என் கண் தேடிக்கொண்டிருந்தது.

அதே விமானங்கள் 1945 மே முதல் வாரத்தில் நெதர்லாந்துக்குச் சாப்பாடு போட்டன. பட்டினி கிடந்த ஊர்களுக்கு மேல் தாழப் பறந்து, குண்டு வைக்கும் இடத்தில் உணவுப் பெட்டிகளை வைத்துக் கொட்டினார்கள். 100ஆவது பிரிவும் போனது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும் என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

இப்போது ஒரு புதுத் தொல்லை. ஊருக்குள் விஷயம் பரவி, ஆட்கள் கோபுரத்துக்குப் போவதை விட்டுக் கடைக்கே கொண்டு வந்து தருகிறார்கள். போன வாரம் பால் வாங்க வந்த ஒரு அம்மா பையிலிருந்து பழைய பிஸ்கட் தகரம் ஒன்றை எடுத்துக் கல்லா மேசையில் வைத்தார். "அப்பாவுடையது, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்றார். உள்ளே என்ன என்று கேட்டேன். கடிதங்கள்தான் என்றார். தகரத்தைத் தொட முன்னர் பால் கணக்குக் கொப்பிக்குக் கீழே இருந்து தாளை எடுத்தேன். பின்னால் லொத்தர்ச் சீட்டுக்கு நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். "உங்கள் முழுப் பெயர்?" என்று கேட்டு எழுதத் தொடங்கினேன்.